ரிகம்பென்ட் சைக்கிளில் சீட் ஆட்டம்: எவ்வளவு முறுக்கினாலும் மறுபடி லூஸாகிறது

சாய்வுச்சக்கரம் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது வீல்பேஸ் (இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம்) நீளமான ரிகம்பென்ட், அதாவது சாய்ந்து உட்கார்ந்து கால்களை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிள், ஏற்கெனவே ஒருவர் ஓட்டியதை வாங்கினேன். அலுமினியச் சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டிய சீட். சீட்டின் அடிப்பாகம் ஃப்ரேமின் நடுக்குழாயை ஒரு க்ளாம்ப் மூலம் பிடித்திருக்கிறது, அதில் இரண்டு எம்6 ஆலன் போல்ட் (6 மி.மீ. விட்டம், தலையில் அறுகோணக் குழி). முதுகுப்பக்கத்தின் மேலிருந்து பின்சக்கர அச்சின் பக்கத்தில் இருக்கும் கண்கள் வரைக்கும் இரண்டு தாங்கு கம்பிகள் வருகின்றன, ஒவ்வொரு முனையிலும் ஒரு போல்ட்.

சமதளத்தில் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரிவதில்லை. மேட்டில் அழுத்தி மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு தட்டு, கேட்பதைவிட உடம்பில்தான் அதிகம் தெரிகிறது. அதோடு சீட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்கிறது, முதலில் சரியாக எட்டிய பெடல் சில நாளில் தள்ளிப் போய்விடுகிறது. ஆலன் கீயால் நன்றாக முறுக்கி வைத்தேன், மறுபடி அதே கதை. ஸ்பிரிங் வாஷர் போட்டும் பார்த்தாயிற்று, வித்தியாசம் இல்லை. க்ளாம்ப் போல்ட் ஒன்றில் ஆலன் குழி வேறு உருண்டை ஆக ஆரம்பித்திருக்கிறது, அதனால் இனிமேல் பலமாகத் திருகவும் பயமாக இருக்கிறது.

மரையில் ஊற்றுகிற பசை போட்டால் நிற்குமா? இல்லை, க்ளாம்புக்கும் குழாய்க்கும் சேர்த்து ஓட்டை போட்டு ஒரு போல்ட்டை ஊடாகச் செருகிவிடலாமா? அதுதான் நிரந்தரத் தீர்வு என்று ஒருவர் சொன்னார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


திருகாணி எழுதியது:

ஓட்டை மட்டும் போடாதீர்கள், தயவு செய்து. சீட்டின் முழுப் பாரத்தையும் தாங்கும் இடத்தில், மெல்லிய சுவருள்ள குழாயில் ஓட்டை விழுந்தால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். அந்த ஃப்ரேம் இப்போது நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

பசை பற்றி அப்புறம் பேசலாம். முதலில் எது அசைகிறது என்று தெரிய வேண்டும். நீங்கள் சொல்வதில் இரண்டு வேறு கோளாறுகள் கலந்திருக்கலாம்: ஒன்று, போல்ட் தானாகக் கழல்வது, இன்னொன்று, போல்ட் இருந்த இடத்திலேயே இருக்க க்ளாம்ப் குழாயின் மேல் வழுக்குவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், வைத்தியம் முற்றிலும் வேறு.

கண்டுபிடிக்க ஒரு பெயின்ட் மார்க்கர் போதும். போல்ட் தலையிலிருந்து அதன் பக்கத்து உலோகம் வரை ஒரே கோடாக இழுங்கள், எல்லா போல்ட்டுக்கும். க்ளாம்பின் முன் விளிம்பை ஒட்டிக் குழாயின் மேலும் ஒரு கோடு. இப்போது முன்சக்கரத்தைச் சுவரில் முட்ட வைத்து, பிரேக்கை இறுக்கிப் பிடித்து, சீட்டில் உட்கார்ந்து ஒரு பெடலைப் பலமாகத் தள்ளுங்கள், விடுங்கள், மறுபடி தள்ளுங்கள். கூட ஒருவர் இருந்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். பாதி விரல் ஒரு பாகத்தின் மேல், மீதி பாதி அடுத்த பாகத்தின் மேல். கண்ணுக்குத் தெரியாத அசைவு கூட விரலுக்குத் தெரிந்துவிடும். விரலை இணைப்புக்கு வெளியே மேலாக வைத்தால் போதும், இடுக்குக்குள் விடச் சொல்லாதீர்கள்.

அப்புறம் க்ளாம்பின் பிளவைப் பாருங்கள். போல்ட்டை முறுக்கிய நிலையில் அந்தப் பிளவில் இடைவெளி மிச்சம் இருக்கிறதா, இல்லை இரண்டு உதடும் ஒன்றையொன்று தொட்டுவிட்டதா? இதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டும்.


மேட்டுவழி எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? சிவப்புப் பசை போட்டு முறுக்கி ஒரு நாள் விடுங்கள். என் ட்ரைக்கில் (மூன்று சக்கர சைக்கிள்) அப்படித்தான் செய்தேன், அசையவே இல்லை.


திருகாணி எழுதியது:

மேட்டுவழி, உங்கள் ட்ரைக்கில் போல்ட் கழல்வதுதான் கோளாறாக இருந்திருக்கும், அதனால் வேலை செய்தது. க்ளாம்ப் வழுக்கினால் மரையில் எந்தப் பசை போட்டும் பயனில்லை, போல்ட் அப்படியே நிற்கும், சீட் நகர்ந்துகொண்டே இருக்கும். தவிர சிவப்பு வகை ஒருமுறை இறுகினால் சாதாரணமாகக் கழற்ற வராது, நன்றாகச் சூடு காட்ட வேண்டும். பக்கத்தில் வலைத்துணியும் பெயின்ட்டும் இருக்கிற இடத்தில் அந்த அளவு சூட்டைக் கொண்டுபோக நான் விரும்ப மாட்டேன். உயரத்துக்கு ஏற்ப நகர்த்த வேண்டிய சீட் இது, கழற்றி மாட்டுகிற மாதிரிதான் இருக்க வேண்டும்.


சாய்வுச்சக்கரம் எழுதியது:

கோடு போட்டுப் பார்த்தேன், ஒரு மேடு ஏறி இறங்கினேன். க்ளாம்ப் போல்ட் இரண்டிலும் கோடு உடையவில்லை, ஆனால் க்ளாம்ப் குழாய்க் கோட்டிலிருந்து நன்றாகவே பின்னால் தள்ளியிருக்கிறது. இடது தாங்கு கம்பியின் மேல் போல்ட்டில் கோடு தெளிவாகத் திரும்பியிருக்கிறது. விரல் வைத்துப் பார்த்தபோதும் அந்த 'டக்' அங்கேதான் தெரிந்தது. வலது பக்கம் அசைவில்லை.

பிளவைப் பற்றிக் கேட்டீர்கள். முறுக்கிய நிலையில் ஒரு பக்கம் மெல்லிய கோடு மாதிரி இடைவெளி, இன்னொரு பக்கம் முழுக்க ஒட்டியிருக்கிறது. இடது கம்பியைக் கழற்றியபோது அதன் ஓட்டை லேசாக முட்டை வடிவில் தெரிந்தது, உள்சுவரில் வரி வரியாக மரையின் தடம் பதிந்திருக்கிறது. ஃபோட்டோ போட்டிருக்கிறேன்.


திருகாணி எழுதியது:

அருமை, இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது. உங்களுக்கு இருப்பது இரண்டும்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் ரிகம்பென்ட் சீட்டில் இது அடிக்கடி வருகிறது, காரணம் புரியாமல் போல்ட்டையே மறுபடி மறுபடி முறுக்கி மரையை அழித்துவிடுகிறோம்.

சாதாரண சைக்கிளில் பெடலை மிதிக்கும்போது நம் உடல் எடைதான் பெரும்பாலும் எல்லை, அதற்கு மேல் அழுத்தினால் நாம்தான் சீட்டிலிருந்து எழுவோம். ரிகம்பென்ட்டில் முதுகுக்குப் பின்னால் சீட் இருக்கிறது, அதனால் உடல் எடையை விட அதிகமாகக்கூடத் தள்ள முடியும். தள்ளுகிற விசை முழுக்க சீட்டைப் பின்னால் உந்துகிறது, அதுவும் ஒருமுறை இடது இடுப்பு வழியாக, ஒருமுறை வலது இடுப்பு வழியாக. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் 160 உந்தல், ஒரு மணி நேரத்தில் 9,600. சீட் வெறுமனே உட்காரும் பலகையாக இருந்தால் எந்த போல்ட்டும் போதும், இங்கே அது மிதிக்கும் விசையைத் தாங்குகிற பாகம்.

முதலில் க்ளாம்ப். எம்6 போல்ட்டைச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் பலத்தை அளக்கும் அலகு) முறுக்கினால் அது கிட்டத்தட்ட 8,000 நியூட்டன் இழுவிசையோடு இரண்டு உதட்டையும் நெருக்கும். ஏறக்குறைய 800 கிலோ எடைக்குச் சமம், ஒரே ஒரு போல்ட்டுக்கு. இரண்டு போல்ட் இருக்கும்போது சீட் வழுக்கவே கூடாது. அப்படியும் வழுக்குகிறது என்றால் அந்த நெருக்கல் குழாய்க்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம். உங்கள் க்ளாம்பில் உதடுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன, அதனால் போல்ட் நெருக்குவது உதட்டைத்தான், குழாயை இல்லை. இனி எத்தனை முறுக்கினாலும் உதடுதான் நசுங்கும், அல்லது மரை போகும்.

இதற்குச் செய்ய வேண்டியது குழாய்க்கும் க்ளாம்புக்கும் நடுவில் தகடு வைப்பது. குளிர்பான அலுமினியக் கேனின் பக்கச் சுவர் சுமார் 0.1 மி.மீ. தடிமன், கத்தரிக்கோலால் வெட்டலாம். க்ளாம்பின் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ஓரத்தை மணல்தாளில் தேய்த்து (கையை வெட்டிவிடும், கவனம்), குழாயைச் சுற்றி வையுங்கள். பிளவு இருக்கிற இடத்தில் தகடு வரக் கூடாது. ஒரு சுற்று போதாவிட்டால் இரண்டு. முறுக்கி முடித்தபின் பிளவில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். மூன்று நான்கு சுற்று வைத்தும் பிளவு மூடினால் அந்த க்ளாம்ப் வேறு விட்டமுள்ள குழாய்க்குச் செய்தது, கையால் ஒட்டுப்போடாமல் சரியான அளவில் வாங்குவதுதான் நல்லது. பழைய வண்டி என்றால் முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருக்கலாம்.

தகடு வைப்பதற்கு முன் குழாயையும் க்ளாம்பின் உட்புறத்தையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், துணியில் கறுப்பு வராத வரைக்கும். செயின் எண்ணெய் அங்கே எப்படியோ வந்து சேர்ந்துவிடும். கிரீஸ் போல்ட்டின் மரைக்கும் அதன் தலைக்கு அடியிலும் மட்டும்தான், கொஞ்சமாக. பிடிக்கும் பரப்பில் கிரீஸ் ஒரு துளி கூட வேண்டாம். கார்பன் பாகங்களுக்கு விற்கிற மணற்பசை, அதாவது நுண்ணிய துகள் கலந்த அந்தப் பசை கிடைத்தால் க்ளாம்பின் உள்ளே லேசாகத் தடவுங்கள். அலுமினியத்திலும் நன்றாக வேலை செய்கிறது, குறைந்த முறுக்கிலேயே பிடிப்பு கிடைக்கும்.

போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி, கால் சுற்று கால் சுற்றாக முறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் உங்கள் பிளவு மாதிரிதான் கோணலாக மூடும். க்ளாம்பிலேயே ஏதாவது எண் பொறித்திருந்தால் அதுதான் சட்டம், நான் சொல்கிற 10 அல்ல. டார்க் ரென்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால், 10 செ.மீ. நீளக் கையுள்ள ஆலன் கீயின் நுனியில் 10 கிலோ தூக்குகிற அளவுக்கு இழுத்தால் அதுதான் சுமார் 10 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் இருந்தால் அதே முறுக்குக்கு இழுவிசை கூடுதலாகவே வரும், கொஞ்சம் குறைத்தே நிறுத்தலாம்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். போல்ட் போய் உட்காரும் ஓட்டை மறுபக்கம் மூடியதா? மூடியது என்றால் போல்ட்டின் நுனி அடியில் முட்டி நிற்கக்கூடும், கைக்கு இறுகியது போலவே இருக்கும், நெருக்கல் மட்டும் பூஜ்யம். ஒரு வாஷர் சேர்த்தாலோ போல்ட்டைக் கொஞ்சம் குட்டையாக்கினாலோ சரியாகிவிடும். ரொம்பக் குட்டையாகவும் ஆகிவிடக் கூடாது, அலுமினியத்தில் எம்6 குறைந்தது 9 மி.மீ. ஆழம் மரையில் இறங்கியிருக்க வேண்டும்.

அடுத்து இடது கம்பி. இதை ஒரு தனிப் பதிவாகப் போடுகிறேன்.


திருகாணி எழுதியது:

தொடர்ச்சி. போல்ட் ஏன் தானாகக் கழல்கிறது என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை வைத்துக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வு பெரிய எதிரி இல்லை. இணைத்த இரண்டு பாகங்களும் போல்ட்டுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் வழுக்கினால்தான் மரையில் உராய்வு பிடி விடுகிறது, நட்டு தானாகவே திரும்பிக் கழன்று வருகிறது. தரையில் அடித்த முளையை நேராக இழுத்தால் வராது, பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி இழுத்தால் வந்துவிடும் அல்லவா, அந்த மாதிரி. இதே ஆட்டலைத் தரும் இயந்திரத்தில் சோதித்தபோது ஸ்பிரிங் வாஷர் பெரிதாக உதவவில்லை, அதனால்தான் உங்களுக்கும் உதவவில்லை.

உங்கள் இடது கம்பியில் க்ளாம்ப் வழுக்குவதுதான் மூலம். அடிப்பாகம் பின்னால் நகரும்போது மேல் இணைப்பு அந்த அசைவை வாங்கிக்கொள்கிறது, 'டக்' என்று தட்டுகிறது, ஓட்டை நீள்கிறது. ஆக க்ளாம்பைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது. மீதி பாதிக்கு ஓட்டையைப் பார்க்க வேண்டும்.

உள்ளே வரி வரியாக மரைத் தடம் என்றீர்களே, அதுதான் துப்பு. யாரோ முழுநீளமும் மரையிட்ட போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். ஆடும்போது அந்த மரை அரம் மாதிரி அலுமினியத்தை அராவுகிறது. தலைக்கு அடியில் மரை இல்லாத வழவழப்பான தண்டு உள்ள போல்ட்டாக வாங்குங்கள். கம்பியின் கண் முழுவதும் அந்த வழவழப்பான பகுதியின் மேல் உட்கார வேண்டும், மரை அதற்கு அப்பால் தொடங்க வேண்டும். தண்டு நீளமாகிவிட்டால் நட்டுப் பக்கம் வாஷர் சேர்த்துச் சரிக்கட்டுங்கள்.

ஓட்டை லேசாகத்தான் நீண்டிருக்கிறது என்றால் அதை ஒரு அளவு பெரிதாக உருண்டையாகத் துளைத்து, உள்ளே மெல்லிய புஷ் (குழாய் வடிவ உலோக உறை) ஒன்று அடித்துவிடலாம். லேத் வைத்திருப்பவருக்குச் சின்ன வேலை. ஆனால் துளைத்தபின் ஓட்டையின் விளிம்புக்கும் கம்பியின் ஓரத்துக்கும் நடுவில் ஓட்டையின் விட்டம் அளவாவது உலோகம் மிஞ்ச வேண்டும். அப்படி மிஞ்சாது என்றாலோ, ஓட்டையின் ஓரத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தாலோ கம்பியையே மாற்றுங்கள். அது ஓடும்போது ஒடிந்தால் முதுகுச் சாய்மானம் பின்னால் போய்விடும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே சரிவீர்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கழலாமல் இருக்க நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு. புதிதாகப் போடுங்கள், கழற்றிக் கழற்றி மாட்டியதில் நைலான் தேய்ந்து பிடி போயிருக்கும். கையால் திருகினாலே நைலானைத் தாண்டி ஓடுகிறது என்றால் அந்த நட்டு குப்பைக்கு. முறுக்கி முடித்தபின் நட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு மரையாவது நீட்டிக்கொண்டு தெரிய வேண்டும், இல்லையென்றால் நைலான் போல்ட்டைப் பிடிக்கவே இல்லை. நைலாக் போட்ட இடத்தில் பசை வேண்டாம். நட்டு இல்லாமல் நேராக ஃப்ரேமின் கண்ணில் மரையேறும் கீழ் போல்ட்டுகளுக்கு லாக்டைட் 243 மாதிரி நடுத்தர பலமுள்ள நீலப் பசை ஒரு சொட்டு. கைக்கருவியாலேயே கழற்றலாம். அது காற்று படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டுத்தான் இறுகும், முழு பலம் வர ஒரு நாள் ஆகும், அதற்குள் மேட்டில் ஏற வேண்டாம்.

செயின் பக்கத்துக் கீழ் போல்ட்டில் ஒரு கவனம்: நீளமான போல்ட் போட்டால் நுனி உள்பக்கம் நீட்டி, செயின் மிகச் சிறிய பற்சக்கரத்தில் ஓடும்போது உரசும். மாட்டியபின் அந்த கியருக்கு மாற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்.


கண்ணாடிநார் எழுதியது:

திருகாணி சொன்னது வலைத்துணி சீட்டுக்கு அப்படியே சரி. ஹார்ட் ஷெல் சீட் (வலைத்துணிக்குப் பதில் கடினமான ஃபைபர் ஓடாக இருப்பது) வைத்திருப்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் ஃபைபர் ஓட்டில் இதே முறுக்கை வைத்தால் ஓடு உடையும்.

கண்ணாடி நார், கார்பன் எதுவானாலும் ஓட்டின் தடிமன் சில மி.மீ. மட்டுமே. அதில் போல்ட் தலை சின்ன வட்டமாக அழுத்தும்போது அடியில் இருக்கும் பிசின் நசுங்குகிறது, நசுங்கியதும் இறுக்கம் போகிறது, மறுபடி முறுக்குகிறோம், மறுபடி நசுங்குகிறது. கடைசியில் ஓட்டையிலிருந்து நட்சத்திரம் மாதிரி வெள்ளைக் கோடுகள் கிளம்பும். அதனால் ஓட்டின் இரண்டு பக்கமும் பெரிய அகல வாஷர், முடிந்தால் ஓட்டின் வளைவுக்கு ஏற்ப லேசாக வளைத்த அலுமினியத் தகடு. தட்டையான வாஷர் வளைந்த ஓட்டில் விளிம்பில் மட்டும்தான் தொடும், அதுவும் விரிசலுக்கு வழி.

சில சீட்டுகளில் ஓட்டுக்கும் கொக்கிக்கும் நடுவில் ரப்பர் வாஷர் வரும், அதிர்வைக் குறைக்க. ரப்பர் இருக்கிற இணைப்பை ஒருநாளும் முழு முறுக்கில் வைக்க முடியாது, ரப்பர் அமுங்கிக்கொண்டே போகும், அதை இறுக்கம் என்று நம்பக் கூடாது. அங்கே நைலாக் நட்டுதான் வழி. ரப்பர் லேசாகப் பிதுங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடலாம், நைலான் அந்த இடத்தில் நட்டைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் ஆட்டம் அங்கிருந்துதான், மாற்றினாலே போதும்.

பசை பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த நீலப் பசை சில பிளாஸ்டிக்குகளை, ஏபிஎஸ்ஸும் பாலிகார்பனேட்டும் மாதிரியானவற்றை, தொட்ட இடத்தில் வெடிக்கச் செய்யும். சீட்டோடு வருகிற பிளாஸ்டிக் மூடி, விளக்குப் பிடி, தண்ணீர் பாட்டில் கூண்டு எல்லாம் பக்கத்தில் இருக்கும். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

பல் உள்ள ஆப்பு வாஷர், அதாவது நார்ட்-லாக் மாதிரியான ஜோடி வாஷர், எஃகின் மேல் எஃகு என்றால் பிரமாதம், ஆடினாலும் கழலாது. ஆனால் அதன் பல் அடியில் உள்ள பரப்பைக் கடித்துத்தான் நிற்கும். ஓட்டின் மேல் நேராகப் போடாதீர்கள், நாரை அறுத்துவிடும். மெல்லிய அலுமினியத்திலும் நான் போட மாட்டேன்.


சாய்வுச்சக்கரம் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. தகடு வைக்கலாம் என்று க்ளாம்பைக் கழற்றப் போனால், அந்த உருண்டை ஆன ஆலன் குழி இப்போது பிடிப்பதே இல்லை, கீ வழுக்குகிறது. வெளியே எடுக்க என்ன வழி?


நீள்பாதை எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். முதலில் குழியை ஊசியால் சுரண்டி மண்ணை எடுங்கள், பல நேரம் மண் அடைத்திருப்பதால்தான் கீ முழு ஆழத்துக்குப் போகாது. உருண்டை முனை ஆலன் கீயாக இருந்தால் அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள், அது சாய்வாகத் திருகுவதற்குத்தான், பலம் கொடுக்க இல்லை. நேர் முனை கீ, புதியது, விளிம்பு மழுங்காதது.

வரவில்லையென்றால், குழியை விட மிகச் சற்றே பெரிய டார்க்ஸ் பிட் (நட்சத்திர வடிவ முனை) ஒன்றைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்குங்கள். அதன் பற்கள் குழியின் சுவரில் புது இடம் செதுக்கிக்கொண்டு உட்காரும். தட்டும் அதிர்ச்சியிலேயே பிடித்த மரையும் கொஞ்சம் விடும். தட்டும்போது க்ளாம்புக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் அடி முழுக்கக் குழாய்க்குப் போகும். அதுவும் நடக்கவில்லையென்றால் தலையில் ஹாக்ஸா பிளேடால் ஒரு பள்ளம் வெட்டித் தட்டை ஸ்க்ரூ டிரைவர். கடைசி வழி தலையைத் துளைத்து எடுப்பது: தலை போனதும் க்ளாம்ப் தளர்ந்துவிடும், மிஞ்சிய தண்டை இடுக்கியால் பிடித்துத் திருப்பலாம்.

எடுத்த பிறகு பாருங்கள், அது குவிந்த வட்டத்தலை போல்ட்டா? அந்த வகை எம்6-க்கு 4 மி.மீ. கீ தான் வரும், குழியும் ஆழம் குறைவு, இந்த வேலைக்கு ஆகாது. உருளைத்தலை எம்6-க்கு 5 மி.மீ. கீ, எவ்வளவோ மேல். துருப்பிடிக்காது என்று சாதாரண ஸ்டெயின்லெஸ் வாங்குகிறவர்கள் ஏ2-70 என்பது 8.8 எஃகு போல்ட்டை விடக் (இரண்டும் போல்ட்டின் பலத்தைக் குறிக்கும் தரக் குறியீடுகள்) கொஞ்சம் பலம் குறைவு என்பதை நினைவில் வைக்கவும். க்ளாம்புக்கு 8.8 அல்லது அதற்கு மேல், மரையில் கிரீஸ், அவ்வளவுதான்.

க்ளாம்பின் மரையும் போயிருந்தால் பெரிய ஓட்டையாக்கி எம்8 போடலாம் என்று தோன்றும், ஆனால் சின்ன க்ளாம்பில் உலோகம் மிஞ்சாது. ஹெலிகாயில் போட்டு அதே எம்6-க்குத் திரும்புவது நல்லது, அந்த எஃகுச் சுருள் மரை பழைய அலுமினிய மரையை விட அதிக நாள் உழைக்கும்.


சாய்வுச்சக்கரம் எழுதியது:

டார்க்ஸ் பிட் வழியிலேயே வந்துவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரி வட்டத்தலை போல்ட்தான். மரை நன்றாக இருக்கிறது. புது போல்ட், கேன் தகடு, இடது கம்பிக்குப் புஷ், எல்லாம் தயார். மாட்டும்போது எது முதலில், எது அப்புறம்? கம்பிகளை முதலில் முறுக்கினால் க்ளாம்ப் கோணலாக நிற்கிறது, க்ளாம்பை முதலில் முறுக்கினால் கம்பியின் ஓட்டை போல்ட்டுக்கு நேராக வரவில்லை, இழுத்துப் பிடித்துத்தான் செருக வேண்டியிருக்கிறது.


திருகாணி எழுதியது:

இழுத்துப் பிடித்துச் செருகவே கூடாது. அப்படி மாட்டிய இணைப்பில் எப்போதும் ஒரு பக்கவாட்டு விசை இருந்துகொண்டே இருக்கும், நீங்கள் உட்காராதபோதும். யுங்கர் சொன்ன ஆட்டத்துக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் திருகி விடுங்கள், எதுவும் இறுகக் கூடாது. உங்கள் கம்பிகள் நீளம் மாற்றக்கூடியவையாக இருந்தால் அந்த நடு இணைப்பையும் தளர்த்துங்கள். சீட்டை உங்கள் காலுக்கு ஏற்ற இடத்தில் வையுங்கள்: ஷூவோடு குதிகாலைப் பெடலின் மேல் வைத்து, பெடல் மிகத் தொலைவில் இருக்கும்போது முழங்கால் நேராகி நிற்க வேண்டும், அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் லேசான மடக்கு தானாக வரும். பிறகு உட்கார்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்துங்கள், எல்லாப் பாகமும் தன் இடத்தில் போய் உட்காரட்டும். எழாமல் அப்படியே இருக்க, கூட இருப்பவர் அடி க்ளாம்பை முதலில் முறுக்கட்டும், பிறகு அச்சுப் பக்கத்துக் கீழ் போல்ட்டுகள், பிறகு மேல் போல்ட்டுகள், கடைசியில் கம்பியின் நடு இணைப்பு. இந்த வரிசையில் கம்பி தன் நீளத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், எதையும் இழுக்க வேண்டியிருக்காது.

அப்படியும் ஒரு பக்கம் ஓட்டை நேராக வரவில்லையென்றால் கம்பிக்கும் சீட் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வாஷரால் நிரப்புங்கள், போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள்.


நீள்பாதை எழுதியது:

க்ளாம்பில் ஆலன் போல்ட்டுக்குப் பதில் குயிக் ரிலீஸ் நெம்பி (கருவி இல்லாமல் கையாலேயே மூடித் திறக்கும் கைப்பிடி) உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: நெம்பியை மூடும்போது பாதி வழியிலேயே, அதாவது அது அச்சுத் தண்டின் நேர்கோட்டில் நிற்கும்போதே தடை தெரிய ஆரம்பிக்க வேண்டும், முழுக்க மூடியதும் உள்ளங்கையில் தடம் பதிந்திருக்க வேண்டும். சுலபமாக மூடினால் திறந்து, எதிர்ப்பக்க நட்டைக் கொஞ்சம் திருகிவிட்டு மறுபடி மூடுங்கள். நெம்பி சுழலும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய். நெம்பியை ஸ்பேனர் மாதிரி சுற்றி முறுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது அப்படி வேலை செய்யாது.


சாய்வுச்சக்கரம் எழுதியது:

மாட்டி, ஒரு நாள் விட்டு, அதே மேட்டில் ஏறிப் பார்த்தேன். தட்டு முழுக்கப் போய்விட்டது. க்ளாம்ப் கோட்டிலேயே நிற்கிறது, பிளவில் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. மிதிக்கிற பலம் அப்படியே சக்கரத்துக்குப் போவது மாதிரி இருக்கிறது, இவ்வளவு நாள் அதில் ஒரு பங்கு சீட்டை ஆட்டுவதில் போயிருக்கிறது போல. இனி எத்தனை நாளுக்கு ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும்?


திருகாணி எழுதியது:

சந்தோஷம்! முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு க்ளாம்ப் போல்ட்டை மட்டும் ஒருமுறை அதே முறுக்கில் தொட்டுப் பாருங்கள். புதுத் தகடும் பெயின்ட்டும் கொஞ்சம் அமுங்கும், அதனால் முதல்முறை சிறிது ஏறுவது இயல்பு. அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் ஏறினால் ஏதோ வழுக்குகிறது, கோட்டைப் பார்க்க வேண்டும்.

நீலப் பசை போட்ட கீழ் போல்ட்டுகளைச் சோதனைக்காகத் திருப்பாதீர்கள், இறுகிய பசை உடைந்துவிடும், அப்புறம் கழற்றித் துடைத்துப் புதிதாகப் போட வேண்டும். அங்கே பெயின்ட் கோடு உடையாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது போதும். கோடுகள் அழிந்தால் மறுபடி போட்டு வையுங்கள், வண்டியை எடுக்கும்போது குனிந்து ஒரு பார்வை. இடது கம்பியில் புஷ் அடித்த இடத்தை மட்டும் டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் துடைத்து, விரிசல் கிளம்புகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.